நன்றிப் பட்டியலில் பதினேழாவது பெயர்

லிங்கி,
21 ஜனவரி 2024

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி போன மாதம் வலது கால், இந்த மாதம் இடது கால். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் லியாக்கத் அலி கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கப் போனேன். அதைச் சுற்றிக் கொடுத்த பத்திரிகையில் நீ இருந்தாய். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய். முதலில் யாரோ என்று நினைத்தேன், மூக்கைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. ‘தோட்டத்திலிருந்து வந்த பெண் இயக்குநர்’ என்று போட்டிருந்தார்கள். உன் படத்தின் பெயர் ‘பச்சை முட்டை’யாம். சம்பல் எண்ணெய் பட்டு மீதி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. ‘இரண்டு தோட்டத்துச் சிறுமிகளின் சேட்டைகள்’ என்பது மட்டும் தெரிந்தது.

எந்த இரண்டு சிறுமிகள்?

பதிலை வழக்கம்போல ஆபீஸ் விலாசத்துக்கே போடு. வாட்ஸப்பில் அனுப்பாதே. என் போன் பாதி நேரம் அம்மாவிடம்தான் இருக்கிறது. நீ அனுப்பும் வாய்ஸ் மெசேஜை லைனில் இருக்கும் பத்து வீடும் கேட்கிறது. இங்கே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையில் உருப்படியான ஒரே வசதி, தபாலை நானே முதலில் பார்க்கலாம் என்பதுதான்.

உன் அக்கா,
திலகா


செந்தூல், கோலாலம்பூர்,
4 பிப்ரவரி 2024

அன்புள்ள திலகா அக்காவுக்கு,

நான் நலம். பெரியம்மாவின் முட்டிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன்.

படத்தைப் பற்றி உன்னிடம் நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தப்புத்தான். ரொம்பச் சின்னப் படம் அக்கா. ஆறு பேர் சேர்ந்து எடுத்தோம். தம்பின் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டே நாள் படப்பிடிப்பு. கதை கற்பனைதான். நம் லைன் வீடு, நம் பள்ளிக்கூடம், அந்த மாதிரி சில சாயல்கள் இருக்கும். எல்லாரும் அப்படித்தானே எழுதுவார்கள்.

மார்ச் 9, சனிக்கிழமை மத்தியானம் கோலாலம்பூரில் முதல் காட்சி. டிக்கெட் ஒன்று இதோடு வைத்து அனுப்புகிறேன். பெரியம்மாவை அலைக்கழிக்க வேண்டாம், முட்டிவலியோடு அத்தனை படி ஏற முடியாது. நீ மட்டும் வா. கட்டாயம் வா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
புனிதா


லிங்கி,
12 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

எனக்குக் காய்ச்சல். அதனால் சனிக்கிழமை வர முடியவில்லை. இப்போது பரவாயில்லை. அம்மா நலம். படம் நன்றாக ஓடியதா?

அக்கா திலகா


செந்தூல்,
18 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? ரத்தம் சோதித்துப் பார்த்தாயா? உங்கள் பக்கம் டெங்கி என்று செய்தியில் சொன்னார்கள். அலட்சியமாக இருக்காதே.

அரங்கம் நிறைந்துவிட்டது அக்கா. எனக்கே நம்ப முடியவில்லை. படிக்கட்டில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். கமலி என்றொரு பிள்ளை வருகிறாள் படத்தில். சரியான வாயாடி. அவள் உளுந்தங்களியை வழித்து வழித்துத் தின்னும் காட்சியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விமர்சனம் எழுதியவர்களும் கமலியைத்தான் தூக்கிவைத்து எழுதுகிறார்கள். ‘படத்தின் உயிரே அந்தப் பிள்ளைதான்’ என்று ஒருவர். செல்வியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. செல்வி இன்னொரு பெண். அமைதியானவள்.

நீ வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அடுத்து சிரம்பானில் ஒரு வாரம் போடுவதாகப் பேச்சு இருக்கிறது. அப்போதாவது பார்.

அன்புடன்,
புனிதா


லிங்கி,
2 மே 2024

புனிதாவுக்கு,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். அதுவே போதும், நலம் விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, டெங்கியும் இல்லை. அன்றைக்கு நான் வந்தேன். சிரம்பானில் ரயில் ஏறி, உன் டிக்கெட்டைக் காட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். நீ முன்னால் பூங்கொத்தோடு நின்றாய். உன் பக்கத்தில் கமலியாக நடித்த பெண் நின்றாள். ஆளாளுக்கு அவளோடு படம் பிடித்துக்கொண்டார்கள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன், நீ மறந்திருந்தால் உதவும். நாம் இரண்டு பேரும் ஆறாம் ஆண்டு. சிரம்பானில் கதை சொல்லும் போட்டி. பள்ளிக்கூடத்தின் சார்பில் திருச்செல்வம் வாத்தியார் தேர்ந்தெடுத்தது என்னை. நீ ரிசர்வ். கோழி களவு போன கதையை நான் சொந்தமாக இட்டுக்கட்டினேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். போட்டிக்கு முந்தின நாள் நீ வயதுக்கு வந்தாய். யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடப் பினாஃபோர் சட்டையைக் கழற்றிக் குளியலறை வாளிக்குள் அமுக்கினாய். பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, ‘யாரோடதுலா இது?’ என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நான் முந்திக்கொண்டு ‘என்னோடது’ என்றேன். என்னை ஓலைத் தடுப்புக்குள் உட்கார வைத்தார்கள். ஒன்பது நாள் களியும், பச்சை முட்டையும், நல்லெண்ணெயும். நீ சிரம்பானுக்குப் போய் என் கதையைச் சொல்லிக் கேடயம் வாங்கினாய். அந்தக் கேடயத்தால் ஹாஸ்டல் பள்ளி, அந்தப் பள்ளியால் யூனிவர்சிட்டி, அதனால் இந்தப் படம்.

உன் படத்தில் கமலி எதற்காக ‘என்னோடது’ என்கிறாள்? களிக்காக. பட்டுப்பாவாடைக்காக. என்னைத் தீனிப்பண்டாரமாக்கி ஊரே சிரிக்கும்படி செய்துவிட்டாய். உன் செல்வி மேடை ஏறிக் கோழிக் கதை சொல்கிறாள், கைதட்டு வாங்குகிறாள். அந்தக் கதை அவளுக்கு எங்கே கிடைத்தது என்று படத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. என் பெயர் பதினேழாவது. எனக்கு மேலே பதினாறாவதாக லியாக்கத் அலி உணவகம். படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொடுத்தாராம். நல்ல மனிதர். அவர் மேல் இருப்பது எனக்குச் சரிதான்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது, எனக்குப் பொறாமை. அரங்கம் சிரித்ததே, அது முழுக்க என் பேச்சுக்கு, என் வாய்க்கு, என் சேட்டைக்கு வந்த சிரிப்பு. அதை வாங்கிக்கொண்டு நின்றது நீ. ரயிலில் வரும்போது வயிறு எரிந்தது.

திலகா


செந்தூல்,
10 மே 2024

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பெயரைப் பட்டியலில் மேலே ஏற்றிவிடலாம், அது அரை நாள் வேலை. நீ கேட்பது அது இல்லை என்று தெரியும்.

கமலியை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். நீ எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாய் என்று எழுதிப் பார்த்தேன். என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அவ்வளவு பெரிய கடனைச் சுமந்துகொண்டு சிரிப்புப் படம் எடுக்க முடியாது. அதனால் களிக்காக என்று எழுதினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. கோழிக் கதையைத் திருடியது செல்வி இல்லை, நான். அதையும் எழுதத் தைரியம் வரவில்லை.

ஆனால் பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. கேடயத்தோடு வீட்டுக்கு வந்தேன். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தேன். பெரியம்மா உனக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தார். லைன் பெண்களெல்லாம் தட்டு தூக்கி வந்து உனக்கு மஞ்சள் பூசினார்கள். அது எனக்கு நடக்க வேண்டியது. என் அம்மா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பிறகு ஹாஸ்டலில் இருக்கும்போதுதான் எனக்கு வந்தது என்று பொய் சொன்னேன். ‘சரி’ என்று விட்டுவிட்டார்கள். இன்றுவரை என் தலையில் யாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதில்லை. அந்த ஜன்னலில் நின்றதால்தான் இந்தப் படமே வந்தது.

இருபத்தைந்து வருஷமாகக் கேட்காததைக் கேட்கிறேன். அன்றைக்கு ஏன் அக்கா ‘என்னோடது’ என்று சொன்னாய்?

புனிதா


செந்தூல்,
30 ஜூன் 2024

அன்புள்ள திலகா அக்காவுக்கு,

நலமா? பெரியம்மா நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆபீசில் தபால் தொலைந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

கோவில் தலைவர் அமிர்தலிங்கம் மாமா போன் செய்தார். ஆகஸ்ட் 18, ஞாயிறு மத்தியானம் நம் கோவில் மண்டபத்தில் படத்தைப் போட வேண்டுமாம். எனக்கு அந்த வாரம் கொரியாவில் ஒரு திரைப்பட விழா, வர முடியாது. அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். படம் போட்டால் பெரியம்மாவுக்குச் சடங்கு விஷயம் தெரிந்துவிடும். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்க மாட்டேன்.

சரி என்றால், என் சார்பில் மேடையில் இரண்டு வார்த்தை பேச உன்னைத்தான் கேட்பேன். எழுதி வைத்திருக்கிறேன், வாசித்தால் போதும்.

புனிதா


லிங்கி,
7 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். தபால் தொலையவில்லை. உன் கடிதம் என் மேசை டிராயரில்தான் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் அமிர்தலிங்கம் மாமாவைப் பார்க்கப் போனேன். அதற்குள் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். ‘எம் பொண்ணு படம். எனக்கு முன் வரிசையில கை வச்ச நாற்காலி போடணும்லா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எம் பொண்ணு என்றது உன்னை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சரி என்று வந்துவிட்டேன்.

தாளை அனுப்பு, வாசிக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுத முடியாது. டிராயரில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டேன், எழுத வரவில்லை.

திலகா


லிங்கி,
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

அம்மா நலம், நானும் நலம். உனக்குக் கொரியாச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா? இந்தக் கடிதம் நீளமாக இருக்கும், உட்கார்ந்து படி.

இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ரஹாங்கிலிருந்தும் தம்பினிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். படம் ஓடும்போதே ‘அது நம்ம தண்ணித் தொட்டிலா’, ‘இல்லலா, தொட்டி இவ்வளவு பெருசு இல்ல’ என்று ஒரே சத்தம். வசனம் பாதி யார் காதிலும் விழவில்லை. களி தின்னும் காட்சி வந்ததும் மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அம்மா பக்கம் திரும்பப் பயம்.

முடிந்ததும் அமிர்தலிங்கம் மாமா மைக்கை என் கையில் கொடுத்தார். உன் தாளை விரித்தேன். தாள் நடுங்கியது. கை நடுங்கினால் தாள் சும்மா இருக்குமா? அப்போதுதான் உன் கேள்விக்குப் பதில் ஞாபகம் வந்தது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எல்லாருக்கும் சொன்னேன். ‘அந்தப் பினாஃபோர் என்னோடது இல்ல. ஆனா களிக்காகவும் நான் சொல்லல. எனக்கு மேடைன்னா பயம். ஒரு வாரமா வயித்தால போச்சு. மறுநாள் காலைல பஸ் ஏறணும். எப்படித் தப்பிக்கலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன், பக்கத்து வீட்டம்மா வந்து வாளியைத் தூக்கிக் காட்டினாங்க. சாமியே வந்த மாதிரி இருந்திச்சி.’

இதுதான் புனிதா. உனக்காக இல்லை, களிக்காகவும் இல்லை. பயம். இத்தனை மாதமாக உன்மேல் எரிந்துகொண்டிருந்தேனே, அந்த மேடையை உனக்குக் கொடுத்தவள் நான் இல்லை. அதைவிட்டு ஓடியவள். நீ என்னைத் தீனிப்பண்டாரமாக்கியது பெரிய மரியாதை.

மண்டபம் சிரித்தது. சிரித்ததும் என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. உனக்குத் தெரியாத மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து எனக்கு நிஜமாகவே வந்தது. நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஏற்கெனவே சடங்கு செய்து, பந்தி போட்டு, தட்டு வாங்கி முடித்தாயிற்று. ஒரு பெண் இரண்டு தடவை வயதுக்கு வர முடியுமா? எனக்கு என்னவோ வியாதி என்று அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு செம்பனைக்குப் பின்னால் குழி தோண்டித் துணியைப் புதைத்தேன். அன்றைக்குப் பார்த்து அம்மா உளுந்து மிச்சம் இருக்கிறது, வண்டு வைத்துவிடும் என்று களி கிண்டினார். மறுநாள் இருமலுக்கு நல்லது என்று பச்சை முட்டை ஊற்றினார். எனக்கு இருமலே இல்லை.

இதைச் சொல்லும்போது ஜனங்கள் நாற்காலியில் இருக்கவில்லை. லியாக்கத் அலி துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உன் படத்துக்கு இவ்வளவு சிரிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்போது முன் வரிசையிலிருந்து அம்மா, மைக் இல்லாமலே பேசினார். ‘புனிதா பினாஃபோருக்கு நீல நூலு தீந்து போயி கறுப்பு நூல்ல விளிம்பு தைச்சவ நானு. யாரோடதுன்னு எனக்குத் தெரியாதாலா? குழியை நாய் தோண்டினப்ப மூடி விட்டதும் நான்தான்.’

மண்டபம் கைதட்டியது. வீட்டுக்கு வந்து கேட்டேன். ‘தெரிஞ்சும் ஏம்மா என்னைய உக்கார வச்ச? அவளைய ஏன் அனுப்பின?’ அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். ‘நீ சொன்னியே, சரின்னேன். அவ போகணும்னு துடிச்சா. நீ போகக் கூடாதுன்னு துடிச்ச. என் தங்கச்சி புஷ்பவள்ளி பெத்த புள்ள எங்கயாச்சும் போயிப் பொழைக்கட்டும். நீ எங்கூட இரு.’

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் உன்னைத்தான் அனுப்பியிருக்கிறார். சொந்த மகள் நான், எனக்கு ஒரு வார்த்தை தைரியம் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் மறுபடியும் எரிகிறது, மறைக்க மாட்டேன்.

உன் அக்கா,
திலகா


செந்தூல்,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள திலகா அக்காவுக்கு,

நேற்றுத்தான் திரும்பினேன். நலம். கொரியாவில் ஒரு பரிசு கொடுத்தார்கள். மேடையில் நின்றபோது உன் கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பரிசை வாங்கக் கூச்சமாக இருந்திருக்கும்.

அமிர்தலிங்கம் மாமா நீ பேசியதைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பியிருக்கிறார். பதினோரு நிமிடம். நான்கு தடவை பார்த்தேன். இரண்டு வருஷம் எழுதி, பதினெட்டு நாள் எடுத்து, ஏழு மாதம் வெட்டி ஒட்டிய என் படத்தில் அந்தப் பதினோரு நிமிடத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை. நாயும் குழியும் என் படத்தில் இல்லையே என்று தூக்கம் வரவில்லை. பொறாமை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம் அக்கா.

பெரியம்மா சொன்னதைப் பற்றி. உன் வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருப்பார், எல்லாம் தெரிந்தும் உள்ளே கூப்பிடவில்லை. என்னைப் போகச் சொன்னார். உன்னை ‘எங்கூட இரு’ என்றார். எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. இதில் யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று நீயே சொல்.

அடுத்த படத்துக்கு அந்தக் குழிக் கதையைத் தருவாயா? கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன்.

புனிதா


லிங்கி,
15 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

நலம். பரிசுக்கு வாழ்த்துகள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் வாழ்த்துகள்.

குழிக் கதையைத் தர மாட்டேன். அது என்னுடையது. ரஹாங் மாரியம்மன் கோவில் மாதர் சங்கத்தில் அடுத்த மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். ஜன்னல் இடம் வந்ததும் ‘நிறுத்து’ என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, ‘அவ நின்னதை நான் பாக்கலலா. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?’ என்றார். அன்று சாயந்திரமே லைன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் உனக்குச் சடங்கு. முப்பத்தேழு வயதில் என்ன சடங்கு என்று நான் கேட்டுப் பார்த்தேன். ‘விட்டுப்போனதைச் செய்யறதுக்கு வயசு என்னா?’ என்கிறார்.

ஆகவே வா. உளுந்து வாங்கியாயிற்று. அம்மா கணக்கில் ஒன்பது நாள் நீ தடுப்பைத் தாண்டக் கூடாது. தினம் ஒரு பச்சை முட்டை, நான்தான் உடைத்து ஊற்றுவேன், முகத்தைச் சுளித்தால் இரண்டு. கேமராவைக் கொண்டுவராதே.

அம்மா உனக்குத் தலைவாரிப் பூ வைக்கும்போது உள்ளே இருக்க என்னால் முடியாது. எனக்கு வயிறு எரியும், என்னை எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
திலகா